புளூபெர்ரிக் குச்சியில் வேர் வரவழைப்பது எப்படி?

முருங்கைக் கிளையை வெட்டி மண்ணில் ஊன்றிவிட்டு, சில வாரங்களில் அது துளிர்ப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். கிளுவை வேலியும் அப்படித்தான். போத்து வெட்டி நட்டால் போதும், மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். அந்தத் தைரியத்தில்தான் நியூ ஜெர்சிக்குக் குடிவந்த இரண்டாம் ஆண்டு, பக்கத்து வீட்டுப் பெரியவர் கவாத்து செய்து வேலியோரம் குவித்திருந்த புளூபெர்ரிக் குச்சிகளைக் கேட்டு வாங்கி, முப்பதைத் தொட்டியில் குத்தி வைத்தேன். ஏப்ரல் கடைசியில் இருபத்தைந்து துளிர்த்தன. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஜூன் முடிவதற்குள் இருபத்தைந்தும் கருகிவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் ஒன்றில்கூட ஓர் இழை வேர் இல்லை.

இந்தச் செடியில் இலை முன்னால் வரும், வேர் பின்னால் வரும். குளிர்காலத்துக்கு முன் குச்சி தன்னுள் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்தே முதல் இலைகளை விரிக்கிறது. கையிருப்பு தீருவதற்குள் வேர் வந்தால் பிழைக்கும், வராவிட்டால் காயும். இடையில் உள்ள இரண்டு மூன்று மாதங்கள் குச்சியைக் காப்பாற்றுவதுதான் நம் வேலை. கீழே சொல்லப்போவதெல்லாம் அதற்கான ஏற்பாடுகளே.

தமிழில் இதற்கு ‘அவுரிநெல்லி’ என்று ஒரு பெயர் உண்டு. அழகான பெயர்தான். ஆனால் இந்தச் செடிக்கு அவுரியோடும் உறவில்லை, நெல்லியோடும் உறவில்லை. நாற்றுப் பண்ணையில் அப்படிக் கேட்டால் யாருக்கும் புரியாது. ஆகவே புளூபெர்ரி என்றே எழுதுகிறேன்.

விதை ஏன் கூடாது?

கடையில் வாங்கிய பழத்தின் விதையைப் போட்டாலும் முளைக்கும். முளைத்த செடி தாயைப் போல இருக்காது, காய்க்கவும் பல ஆண்டுகள் ஆகும். நல்ல ரகம் வேண்டுமென்றால் அந்தச் செடியின் உடலிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வளர்த்தாக வேண்டும்.

இதை முதலில் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட இடமும் நான் இருக்கும் நியூ ஜெர்சிதான். நூறாண்டுகளுக்கு முன்வரை புளூபெர்ரி காட்டுப்பழம். போய்ப் பறித்து வருவார்கள், நட்டு வளர்ப்பதில்லை. வளமான தோட்ட மண்ணில் நட்டால் செத்துப்போகும். அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவில், இந்தச் செடிக்கு வேண்டியது புளிப்பான, அதாவது அமிலத்தன்மை உள்ள மண் என்பதைக் கண்டறிந்து 1910இல் தன் சோதனைகளை வெளியிட்டார். அதைப் படித்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுதியவர் எலிசபெத் வைட். ஒயிட்ஸ்பாக் என்ற இடத்தில் கிரான்பெர்ரிப் பண்ணை வைத்திருந்த குடும்பத்துப் பெண். சுற்றுவட்டாரக் காட்டில் பெரிய பழம் காய்க்கும் புதர்களைக் காட்டுபவர்களுக்குப் பணம் தருவதாக அறிவித்து, பழத்தை அளக்க ஓட்டை போட்ட தகடுகளையும் அவர் கொடுத்தனுப்பினார். கண்டுபிடித்தவரின் பெயரையே புதருக்கும் வைத்தார். ரூப் லீக் என்பவர் காட்டிய புதருக்கு ‘ரூபெல்’ என்று பெயர். 1916இல் சாகுபடிப் பழம் முதன்முதலாகச் சந்தைக்குப் போயிற்று.

ரூபெல் இன்றும் பயிரிடப்படுகிறது. எங்கே ரூபெல் செடி நின்றாலும், அது அந்த ஒற்றைக் காட்டுப் புதரின் குச்சியிலிருந்து வந்த குச்சியிலிருந்து வந்ததுதான். நடுவில் ஒரு விதைகூட இல்லை.

உங்கள் ஊரில் இது வளருமா?

தொடங்கும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். புளூகிராப், ஜெர்சி, ரூபெல் போன்ற வடக்கத்தி உயர்புதர் ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏறத்தாழ 800 முதல் 1,000 மணி நேரம் உறக்கம் தேவை. அந்த உறக்கம் கிடைக்காவிட்டால் மொட்டுகள் ஒழுங்காக விழிக்காது. ஷார்ப்புளூ, மிஸ்டி, பிலாக்ஸி போன்ற தெற்கத்தி ரகங்களுக்குச் சில நூறு மணி நேரம் போதும். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இருப்பவர்கள் ‘முயல்கண்’ வகையை வளர்க்கிறார்கள். பழுக்குமுன் காய் இளஞ்சிவப்பாக, முயலின் கண்ணைப் போல இருப்பதால் அந்தப் பெயர்.

சென்னையிலும் மதுரையிலும் மாடியில் வளர்க்கலாமா என்று உறவினர்கள் கேட்பதுண்டு. குளிரில்லாத சமவெளியில் வடக்கத்தி ரகத்துக்குப் பணம் போடாதீர்கள் என்றே சொல்வேன். மலைப்பகுதியின் கதை வேறு. நீலகிரிச் சோலைகளில் புளூபெர்ரியின் பேரினமான வாக்சினியத்தைச் சேர்ந்த மரங்கள் இயற்கையாகவே உண்டு. தேயிலையும் புளித்த மண்ணை விரும்புவதுதான். அங்கே குளிர்த்தேவை குறைந்த ரகங்களை முயன்று பார்க்க நியாயம் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் வரும் மாதக்கணக்கு நியூ ஜெர்சிக்கானது. உங்கள் ஊரில் மொட்டு வீங்கும் காலத்தைப் பார்த்து முன்னே பின்னே மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் கலவை, பிறகுதான் குச்சி

பெரும்பாலானோர் குச்சியை வெட்டிவிட்டு மண்ணைத் தேடுகிறார்கள். தலைகீழ். கலவையை ஒரு வாரம் முன்பே தயார் செய்து வையுங்கள்.

புளூபெர்ரி வேரைப் பார்த்தவர்களுக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்பது புரியும். தலைமுடியைவிட மெல்லிய நூல்கள் சிக்குப் பிடித்த கொத்து அது. மற்றச் செடிகளின் வேர் நுனியில் நீரை உறிஞ்ச இருக்கும் வேர்த்தூவிகள் இதற்குக் கிடையாது. கெட்டியான மண்ணைத் துளைத்துப் போகும் பலம் இல்லை, காய்ந்தால் தாங்காது, நீர் தேங்கினாலும் அழுகும். எனவே காற்றும் ஈரமும் ஒருசேர நிற்கிற, அமிலத்தன்மை உள்ள, பொலபொலப்பான கலவை வேண்டும். பி.எச். அளவு (புளிப்பு கூடக்கூட இந்த எண் குறையும்) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது.

நான் பயன்படுத்துவது பாதி பீட் பாசித்தூள் (சதுப்புநிலத்தில் மட்கிய பாசி), பாதி பெர்லைட் (எரிமலைப் பாறையைச் சூட்டில் பொரித்த, எடையற்ற வெள்ளைக் குருணை). பெர்லைட் இல்லையென்றால் பருமணல். மணலில் ஓர் எச்சரிக்கை உண்டு. சுண்ணாம்புக் கல்லோ கிளிஞ்சலோ கலந்த மணல் அமிலத்தைக் கொன்றுவிடும். ஒரு பிடி மணலை எடுத்து அதன்மேல் சமையல் வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் அந்த மணல் ஆகாது. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம்.

தேங்காய் நார்த்தூள் ஆகுமா? பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வரும் நார்க்கட்டிகள் இங்கே கடைகளில் கிடைக்கின்றன. பார்த்தாலே ஊர்ப்பாசம் வரும். ஆனால் பீட்டில் இருக்கும் புளிப்பு அதில் இல்லை. சரியாகக் கழுவாத கட்டியில் உப்பும் இருக்கும். நன்றாக அலசி, பீட்டோடு சரிபாதியாகச் சேர்த்தால் பாதகமில்லை. தனியாக வேண்டாம். உரம் கலந்து விற்கும் தொட்டி மண்ணையும் தொடாதீர்கள். வேரில்லாத குச்சிக்கு உரத்தால் பயனில்லை, அதன் உப்பு வெட்டுவாயைச் சுடும்.

காய்ந்த பீட் தண்ணீரை ஏற்காது; மேலே ஊற்றினால் பக்கவாட்டில் ஓடிவிடும். வெதுவெதுப்பான நீரைத் தெளித்துக் கையால் பிசறி, ஓர் இரவு மூடி வையுங்கள். பதம் எப்படித் தெரியும்? புட்டுக்கு மாவு பிசறுவீர்கள் அல்லவா, பிடித்தால் பிடியாக நிற்கும், உதிர்த்தால் உதிரும். அதைவிடச் சற்றே கூடுதல் ஈரம். இறுக்கிப் பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டு வர வேண்டும், தாரையாக வழியக் கூடாது.

பாத்திரம் ஆழமாக இருக்கட்டும், குறைந்தது 15 செ.மீ. விதை முளைக்கவிடும் தட்டையான தட்டுகளில் நான் ஒரு வருடம் நட்டுப் பார்த்து வருந்தினேன். எந்தப் பாத்திரத்திலும், எத்தனை துளை போட்டாலும், அடியில் ஒரு பகுதி ஊறிப்போயே நிற்கும். தட்டு ஆழமில்லாததாக இருந்தால் குச்சியின் வெட்டுவாய் சரியாக அந்தச் சேற்றில்தான் போய் உட்காரும். பிறகு அழுகாமல் என்ன செய்யும்?

தண்ணீரும் முக்கியம். குழாய் நீர் கடினநீராக இருந்தால் சில வாரங்களிலேயே கலவையின் புளிப்பைக் குறைத்துவிடும். மழைநீர் பிடித்து வைக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு மார்ச்சில் இன்னொரு வசதி: பின்முற்றத்துப் பனியை வாளியில் அள்ளி உருகவிட்டால் ஆயிற்று. சாலையோரப் பனியை மட்டும் எடுக்காதீர்கள், அதில் உப்புத் தூவியிருப்பார்கள்.

எந்தச் செடியிலிருந்து எடுப்பது?

நோயில்லாத, பேர் தெரிந்த, நன்றாகக் காய்க்கும் செடியிலிருந்து. குச்சி வழியாகத் தாயின் நல்ல குணம் மட்டுமா வரும்? வைரஸ் போன்ற நோய்க்கிருமிகளும் சேர்ந்தே வரும். இலையில் காரணமில்லாத சிவப்பு வளையங்கள், ஒடுங்கி நெளிந்த இலைகள், பூக்கும் நேரத்தில் திடீரென்று கருகும் கிளைகள், குட்டையாகப் புதர்த்துப்போன வளர்ச்சி இவற்றில் ஏதாவது போன கோடையில் கண்ணில் பட்டிருந்தால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும் செடியில் இவை தெரியாது. எனவே தாய்ச்செடியைக் கோடையிலேயே பார்த்து, ஒரு கயிறு கட்டி அடையாளம் வைத்துவிடுவேன்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். புதிய ரகங்கள் பலவற்றுக்கு அமெரிக்காவில் தாவரக் காப்புரிமை உண்டு. காப்புரிமை நடப்பில் இருக்கும்வரை, வீட்டுத் தோட்டத்துக்கென்றாலும் குச்சி வைத்துப் பெருக்க அனுமதி இல்லை. வாங்கும்போது செடியில் தொங்கும் அட்டையைப் பாருங்கள், அதில் எழுதியிருக்கும். 1928இல் வந்த ஜெர்சி, 1952இல் வந்த புளூகிராப் போன்ற பழைய ரகங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. புதியவர்கள் பழைய ரகத்தில் கை பழகுவதே நல்லது.

குளிர்காலக் குச்சி: வெட்டும் முறை

காலம் பிப்ரவரி கடைசி முதல் மார்ச் நடுவரை. செடி தன் உறக்கத்தை முடித்திருக்க வேண்டும், மொட்டு வீங்கத் தொடங்கியிருக்கக் கூடாது. அந்த இடைவெளி சிறியது. அதே நேரத்தில்தான் கவாத்தும் செய்வார்கள் என்பதால் குச்சிக்குப் பஞ்சம் இருக்காது.

போன கோடையில் வளர்ந்த கிளைதான் வேண்டும். அடையாளம் எளிது: ஓராண்டுக் கிளையின் தோல் வழவழப்பாகச் சிவந்திருக்கும், பழைய கிளை சாம்பல் நிறத்தில் பட்டை உரிந்திருக்கும். தூரிலிருந்து நேராகக் கிளம்பிய நீளமான கிளை கிடைத்தால் அதுவே முதல் தரம். பருமன் பென்சில் அளவு. அதைவிட மிக மெலிந்ததில் கையிருப்பு இல்லை; மிகத் தடித்ததில் வேர் வர மனசில்லை.

இனி மொட்டுகளைப் பாருங்கள். கிளையின் நுனிப்பக்கம் உருண்டு பருத்த மொட்டுகள் இருக்கும், அவை பூமொட்டுகள். அதற்குக் கீழே தண்டோடு ஒட்டி, சிறுத்துக் கூராக இருப்பவை இலைமொட்டுகள். பூமொட்டு உள்ள நுனியை வெட்டி எறிந்துவிடுங்கள். பூ வந்தால் குச்சியின் சேமிப்பு முழுவதும் அதற்கே போய்விடும். எனக்கும் முதல் வருடம் இதுதான் நடந்தது. பெரியவர் வேலியோரம் போட்டிருந்தது பெரும்பாலும் நுனிக் கிளைகள். நானும் அவற்றையே நட்டேன், தொட்டியில் வெள்ளைப் பூ பூத்ததைப் படமும் எடுத்தேன்.

கத்தரியைச் சாராயத்தால், அதாவது மருந்துக்கடையில் விற்கும் 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். ஒவ்வொரு தாய்ச்செடிக்கும் மாறும்போது மறுபடி துடையுங்கள். கத்தரி மொட்டையாக இருந்தால் தண்டு நசுங்கும், நசுங்கிய இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும், தீட்டிவிட்டு ஆரம்பியுங்கள். ஒவ்வொரு குச்சியும் 12 முதல் 15 செ.மீ. நீளம். அடிவெட்டு ஒரு மொட்டுக்குச் சற்றுக் கீழே, மேல்வெட்டு ஒரு மொட்டுக்குச் சற்று மேலே. அடியைச் சாய்வாகவும் மேலை நேராகவும் வெட்டினால் நடும்போது தலைகீழாகிவிடாது. இலையில்லாத ஐம்பது குச்சியை ஒன்றாகப் பிடித்துப் பாருங்கள், இந்த அடையாளம் எதற்கு என்று தெரியும்.

அன்றைக்கே நட முடியாவிட்டால், ஈரப் பாசியில் சுற்றி நெகிழிப் பையில் கட்டி, குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 4 டிகிரிக்குள் வைத்தால் சில வாரங்கள் தாங்கும். ஆப்பிள் இருக்கும் தட்டில் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும்.

வேரூக்கிப் பொடி போட வேண்டுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. உயர்புதர் ரகங்களின் குளிர்காலக் குச்சிக்கு அதனால் பெரிய ஆதாயம் இல்லை. நான் போடுவதில்லை. அந்தக் காசுக்கு இன்னொரு மூட்டை பெர்லைட் வாங்கலாம்.

நடுதல்

குச்சியைக் கலவையில் நேரடியாகக் குத்தாதீர்கள், வெட்டுவாய் உரியும். பென்சிலால் துளை போட்டு, அதில் இறக்குங்கள். நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் உள்ளே போகட்டும். வெளியே இரண்டு மொட்டு தெரிந்தால் போதும். குச்சிக்குக் குச்சி 5 செ.மீ. இடைவெளி. கையால் அமுக்க வேண்டாம்; பூவாளியால் ஒருமுறை நீர் விட்டால் கலவை தானே படிந்து குச்சியைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கே வைப்பது? இங்கேதான் பலரும் பாசத்தால் கெடுக்கிறார்கள். வெளியே குளிர்கிறதே என்று சமையலறை ஜன்னலில் வைப்பார்கள். அறைச் சூட்டில் மொட்டு பத்து நாளில் வெடித்து இலை விரியும். அடியில் வேர் நினைப்பே இருக்காது. நமக்கு வேண்டியது நேர்மாறானது. மேல்பகுதி குளிர்ந்திருக்க வேண்டும், அடி சற்று வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். காற்றடிக்காத, வெயில் நேரே விழாத வெளியிடம், வீட்டின் கிழக்கு அல்லது வடக்குச் சுவரோரம் உத்தமம். கடும் உறைபனி இரவுகளில் மட்டும் சாக்கால் மூடுங்கள், அல்லது சூடேற்றாத கார்க் கொட்டகைக்குள் நகர்த்துங்கள். நாற்றுகளுக்கு விற்கும் மின் வெப்பப் பாய் இருந்தால் தொட்டிக்கு அடியில் போட்டுக் கலவையை 18 முதல் 21 டிகிரியில் வைக்கலாம். வேர் விரைவில் வரும். இல்லாவிட்டாலும் வரும், தாமதமாக.

காத்திருக்கும் மாதங்கள்

மார்ச்சில் எதுவும் நடக்காது. ஈரம் மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரல் நுனியை ஒரு கணு ஆழம் உள்ளே விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள்.

ஏப்ரல் நடுவிலோ கடைசியிலோ மொட்டு விரியும். இதுதான் பொய்த் துளிர். இந்த நேரத்தில் செய்யக் கூடாதவை மூன்று: உரம் வைப்பது, வெயிலுக்கு நகர்த்துவது, இழுத்துப் பார்ப்பது. செய்ய வேண்டியது ஒன்றுதான், இலையிலிருந்து நீர் ஆவியாகாமல் காற்றை ஈரமாக வைப்பது. ஒளி ஊடுருவும் நெகிழிப் பெட்டியைக் கவிழ்த்தோ, வளைத்த கம்பிமேல் நெகிழித் தாளைப் போர்த்தியோ கூடாரம் செய்யுங்கள். தினமும் காலையில் பத்து நிமிடம் திறந்து காற்று மாற்றுங்கள். திறக்காவிட்டால் சாம்பல் நிறப் பூஞ்சணம் வந்துவிடும். உதிர்ந்த இலை, கறுத்த குச்சி எதையும் உள்ளே விட்டு வைக்காதீர்கள். கூடாரத்தின்மேல் நேர்வெயில் விழுந்தால் ஒரே மத்தியானத்தில் உள்ளே இருப்பவை வெந்துவிடும். பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலை கட்டுங்கள்.

மே மாதம் மனத்தைச் சோதிக்கும். முதல் இலைகள் ஓரளவு வளர்ந்து அப்படியே நின்றுவிடும். நுனி கறுத்தாற்போல் இருக்கும். வாரக்கணக்கில் ஓர் அசைவும் இராது. சில இலை வெளிறும். அடியில் வெட்டுவாயைச் சுற்றிச் சொரசொரப்பான வெண்தசை திரளும் காலம் இது. அது வேரல்ல, வேருக்கு முன்னோடி. பொறுமை இழந்து பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடி நட்டால், உருவாகிக்கொண்டிருந்த முனைகள் முறிந்துவிடும். என் மகள் ஒரு குச்சியைத் தினமும் எடுத்துப் பார்த்து வைத்தாள். அந்த வரிசையில் அது ஒன்றுதான் வேர்விடவில்லை.

ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ இரண்டாவது துளிர் வரும். முதல் இலைகளைவிடப் பெரிதாக, பளபளவென்று, தண்டும் சேர்ந்து நீளும். இதை நம்பலாம். சேமிப்பு எப்போதோ தீர்ந்துவிட்டது. இந்தத் துளிருக்கான நீரும் சத்தும் புதுவேர் கொடுப்பவை. இப்போது ஒரு குச்சியை மட்டும் கரண்டியால் அடியோடு தூக்கிப் பாருங்கள். பழுப்பும் வெள்ளையுமாக முடிக்கற்றை போல ஒரு பந்து கலவையைப் பிடித்திருக்கும்.

அதன் பிறகு கூடாரத்தை ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, முழுவதும் எடுத்துவிடலாம். உரமும் இனிமேல்தான். அசேலியா, ரோடோடென்ட்ரான் போன்ற புளிமண் செடிகளுக்கென்று விற்கும் உரத்தை, அட்டையில் சொன்னதில் நான்கில் ஒரு பங்காகக் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள். புளூபெர்ரி தழைச்சத்தை அம்மோனியம் வடிவில்தான் விரும்பி எடுக்கும். நைட்ரேட் உரங்கள் ஒத்துக்கொள்ளா. குளோரைடும் ஆகாது, எனவே பொட்டாசியம் குளோரைடு கலந்தவற்றைத் தவிர்க்க வேண்டும். ஆகஸ்ட் நடுவில் உரத்தை நிறுத்திவிடுங்கள். நிறுத்தாவிட்டால் இளந்தளிர் முற்றாமலே பனியில் மாட்டிக்கொள்ளும்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், உரப் பற்றாக்குறை என்று நினைத்து இன்னும் உரம் ஊற்றுவார்கள். பெரும்பாலும் அது புளிப்புக் குறைந்ததன் அடையாளம்: மண்ணில் இரும்பு இருக்கும், செடியால் எடுக்க முடியாது. முதலில் தண்ணீரை மாற்றுங்கள்.

எத்தனை பிழைக்கும்? ரகத்துக்கு ரகம் வேறுபடும். முப்பது நட்டால் எனக்கு இப்போதெல்லாம் பதினெட்டோ இருபதோ தேறுகின்றன. தேவையைப் போல இரண்டு மடங்கு நடுங்கள்.

மார்ச்சைத் தவறவிட்டவர்களுக்கு

ஜூனில் இன்னொரு வாய்ப்பு உண்டு: இளங்குச்சி. வசந்தத்தின் முதல் வளர்ச்சி நின்று, நுனி இலை பாதி விரிந்த நிலையில், கிளையின் அடி இளம்பச்சையிலிருந்து முற்றத் தொடங்கும் அந்தப் பத்துப் பதினைந்து நாட்களில் எடுக்க வேண்டும். வளைத்தால் கீரைத்தண்டு போலத் துவண்டால் இளசு. விறைப்பாக நின்றால் காலம் கடந்துவிட்டது. வளைந்து, பிறகு நிமிர்வதே பதம்.

விடிகாலையில், செடியில் நீர் நிறைந்திருக்கும்போது 10 முதல் 12 செ.மீ. துண்டுகளாக வெட்டி, உடனே ஈரத்துணியில் சுற்றுங்கள். மேலே இரண்டு மூன்று இலையை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். அரை மணி நேரத்துக்குள் அதே கலவையில் பாதி உயரம்வரை நட்டு, உடனே மூடிவிட வேண்டும். இரண்டு மூன்று குச்சி என்றால் அடி வெட்டிய சோடா பாட்டில் போதும். ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் வரும். முயல்கண் வகைக்கு இந்த முறையே கைகொடுக்கும், அதற்கு வேரூக்கிப் பொடி போட்டாலும் பலன் உண்டு. குளிர்காலக் குச்சியைவிட விரைவு. ஆனால் சேமிப்பே இல்லாத குச்சி என்பதால் ஒரு நாள் ஈரம் தவறினால் கதை முடிந்தது. ஊருக்குப் போகும் கோடை விடுமுறையில் இதைத் தொடங்காதீர்கள். தெரிந்தே சொல்கிறேன்.

இரண்டுமே சரிவரவில்லை என்றால் பதியன் போடுங்கள். தாழ்ந்த கிளையை வளைத்து, அடிப்பட்டையை இலேசாகச் சீவி, ஈரப் பீட்டில் புதைத்து மேலே கல் வைத்தால் தாய் ஊட்டிக்கொண்டே இருக்கும். வேர் பிடிக்க ஓராண்டுக்குமேல் ஆகலாம், கிடைப்பது ஒன்றிரண்டு செடிதான். ஆனால் சாவது அபூர்வம்.

முதல் குளிர்காலமும் அதற்குப் பிறகும்

வேர்விட்ட கன்றுகளை இலையுதிர்காலத்தில் பிரித்து நடுகிறவர்கள் உண்டு. நான் அவசரப்படுவதில்லை. அந்தக் கூட்டுத் தொட்டியிலேயே குளிர்காலத்தைக் கழிக்கட்டும். தொட்டியைச் சுவரோரம் தரையோடு வைத்து, சுற்றிலும் பைன் சருகைக் குவித்துவிடுவேன். இலை உதிர்ந்துவிடும், பயம் வேண்டாம். கலவை எலும்பாகக் காயாமல் மாதம் ஓரிரு முறை பார்த்தால் போதும். மறுவசந்தத்தில் மொட்டு வீங்கும்போது, 4 லிட்டர் தொட்டிக்கு ஒரு கன்றாக, பீட்டும் நறுக்கிய பைன் பட்டையும் கலந்த கலவைக்கு மாற்றுங்கள்.

ஓராண்டு தொட்டியில் வளர்ந்த பிறகு தரைக்குப் போகலாம். தரையின் பி.எச். கூடுதலாக இருந்தால் கந்தகத்தூள் கலக்க வேண்டியிருக்கும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க மாதங்கள் ஆகும் என்பதால், செடி தொட்டியில் இருக்கும்போதே குழியைத் தயார் செய்வது கெட்டிக்காரத்தனம். செடிக்குச் செடி 1.2 முதல் 1.5 மீட்டர் விடுங்கள். மரத்தூள் அல்லது பைன் சருகு மூடாக்கு எப்போதும் இருக்கட்டும். மேலோட்டமான வேருக்கு அதுதான் கூரை. தரைக்குப் போன முதல் இரண்டு ஆண்டும் பூக்களைக் கிள்ளிவிடச் சொல்வார்கள். சொல்வது சரிதான். நான் செடிக்கு ஒரு கொத்தை மட்டும் விட்டுவைப்பேன், குழந்தைகளுக்காக. அதையும் பெரும்பாலும் பறவைதான் தின்கிறது.

கடைசியாகப் பெயர்ப்பலகை. வெட்டிய அன்றே ஒவ்வொரு வரிசைக்கும் ரகத்தின் பெயரையும் தேதியையும் எழுதிச் செருகுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மைப்பேனா எழுத்து வெயிலில் ஒரே பருவத்தில் வெளுத்துப்போகும். எங்கள் பின்முற்றத்தில் அப்படிப் பெயர் இழந்த மூன்று செடிகள் நிற்கின்றன. மூன்றும் ஜூலையில் நன்றாகவே காய்க்கின்றன. யாராவது என்ன ரகம் என்று கேட்டால்தான் சங்கடமாக இருக்கிறது.